கரண்டுக் கம்பம் விழாத படங்கள்

திருமயம் தாலுகா ஆபீசுக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பட்டா, சாதிச் சான்று, ரேஷன் கார்டு என்று எல்லாம் வரும் என்றாலும் பாதி வேலை பாஸ்போர்ட்டுதான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ துபாயிலோ குவைத்திலோ இருப்பார்கள். அவர்களை வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார வைத்துப் படம் எடுப்பது, பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் நகல் எடுப்பது, டிக்கெட்டைப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பது எல்லாம் நான்தான். திருச்சியிலிருந்து எந்த விமானம் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு எங்கே இறங்கும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். ஆனால் விமான நிலையத்துக்குள் நான் போனதில்லை. வழியனுப்ப வருகிறவர்கள் நிற்கும் கம்பித் தடுப்பு வரைக்கும்தான் போயிருக்கிறேன்.

அந்தத் தடுப்பில் நின்று நான் அதிகம் கையாட்டியது என் சகலைக்கு. என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். சிங்கப்பூரில் கட்டட வேலையில் சேர்ந்து இப்போது சூப்பர்வைசர். மனைவி மக்களையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் அங்கே போனதற்குக் காரணமே நான்தான். இதை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது திருச்சியில் ஒரு லாட்ஜில் சிங்கப்பூர் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தது. எங்கள் தெருவில் என்னைவிட மூன்று வயது சின்னவனாக ஒருவன் சும்மா சுற்றிக்கொண்டிருந்தான். புரோட்டா வாங்கித் தருகிறேன் என்று சொல்லித் துணைக்குக் கூட்டிப் போனேன். நான் பத்தாவது பாஸ். அவன் எட்டாவது. உள்ளே கூப்பிட்டு என்னிடம் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டார்கள். கேட்டது புரிந்தது. பதிலும் தெரியும். வாய்தான் திறக்கவில்லை. வெளியே வந்து உட்கார்ந்தபோது, கூட வந்த பையனையும் அனுப்பு என்றார்கள். அவன் எந்தக் கேள்விக்கும் "எஸ் சார்" என்றே சொல்லியிருக்கிறான். அவனை எடுத்துக்கொண்டார்கள். புரோட்டாவும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

எனக்குக் கல்யாணமாகி நாலு வருடம் கழித்து, சிங்கப்பூர் மாப்பிள்ளை என்று என் மாமனார் வீட்டில் அவனையே இரண்டாவது பெண்ணுக்குப் பேசி முடித்தார்கள். அதுவரை என்னை அண்ணே என்று கூப்பிட்டவன் சகல என்று கூப்பிட ஆரம்பித்தான். நானும் அவனை அவர் ஆக்கிக்கொண்டேன்.

இப்போது எங்கள் மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் நானும் மனைவியும் மட்டும். சாயந்திரம் கடை அடைத்துவிட்டு நான் வரும்போது அவள் சமையல்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து தங்கை போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணாடிக் கட்டடம், தண்ணீர் கக்கும் சிங்கம், மெழுகினது போல் ரோடு. ஒவ்வொரு படத்தையும் விரல் வைத்து நிறுத்திப் பார்ப்பாள். வாய் லேசாகத் திறந்திருக்கும். நான் வந்ததே தெரியாது. "நல்லாருக்குல்ல" என்பாள், யாரிடமோ சொல்வது போல. குறையாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான் கூட்டிப்போன இடத்தை அவள் அந்த முகத்தோடு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அது தற்செயலாகத்தான் ஆரம்பித்தது. குளத்தூர்ப் பக்கம் ஒரு சாவுக் கேதத்துக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வெயில் தாங்கவில்லை. நிழலுக்காக ஒரு மண் ரோட்டில் திருப்பினேன். அங்கே வேலை நின்றுபோன கல் குவாரி ஒன்று இருந்தது. பாறையைச் சதுரம் சதுரமாக அறுத்து எடுத்த குழி. அடியில் தண்ணீர். பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் ஒரு நிறம். எங்கள் ஊர்க் கண்மாயில் அப்படி ஒரு தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. மனைவி கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு படம் எடுத்தாள். கேதத்துக்குப் போன அன்றைக்குப் போடக் கூடாது என்று காத்திருந்து மறுநாள் காலையில் ஸ்டேட்டஸ் வைத்தாள். அரை மணி நேரத்தில் தங்கை கேட்டிருந்தாள், எங்கடி இது என்று.

மனைவி பதில் எழுதவில்லை. ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் அனுப்பினாள். அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.  அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சொல்லாமலே சேலை மாற்றி நின்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு அதே நினைப்பாகிவிட்டது. கடைக்கு வருகிற லாரி டிரைவர்களிடமும் சர்வேயர்களிடமும் பேச்சுக் கொடுக்க எனக்கு வராது. ஆனால் அவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பேன். மார்கழியில் தைலமரக் காட்டுக்குள் விடியலில் பனி இறங்குவதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். மரங்கள் கோடு போட்டது போல் வரிசையாக நிற்க, இடையில் வெள்ளையாகப் புகை. மகனுடைய பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மனைவி நடுவில் நின்றாள். இன்னொரு வாரம் கடற்கரைப் பக்கம் போய் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனோம். வேர்கள் தண்ணீருக்கு மேலே நின்றன. டிவியில் பார்க்கும் ஏதோ நாடு மாதிரியே இருந்தது.

படம் எடுக்க எனக்குச் சில கணக்குகள் உண்டாயின. கரண்டுக் கம்பம் விழக் கூடாது. ஆடு விழக் கூடாது. தமிழ் எழுத்து எங்கேயும் தெரியக் கூடாது. அலையாத்திக் காட்டில் படகோட்டியின் தலைத்துண்டில் ஒரு நகைக்கடை விளம்பரம் இருந்தது. அவரிடம் கழற்றச் சொல்லக் கூச்சப்பட்டு, அவர் குனியும் வரை காத்திருந்து எடுத்தேன்.

இவற்றில் மனைவிக்கு ரொம்பப் பிடித்தது ஒரு செட்டிநாட்டு வீடு. திருமயத்திலிருந்து அரை மணி நேரம் போனால் வரும் ஊர். வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். ஒரு வாட்ச்மேன் மட்டும். இத்தாலிப் பளிங்குத் தரை, ஆள் உயரக் கண்ணாடி, பர்மாத் தேக்குத் தூண்கள், சுவரில் ஜப்பான் ஓடு. முன் ஹாலில் நின்று நாலு பக்கம் திரும்பினால் நாலு நாடு. வாட்ச்மேன் முன் ஹால் வரைக்கும் யாரையும் விடுவார். நாங்கள் நாலைந்து தடவை போனோம். ஹாலின் மூலையில் மாடிக்குப் போகும் படி. படிக்கு மேலே ஒரு கதவு, பித்தளைப் பூட்டோடு. போகும்போதெல்லாம் மனைவி அண்ணாந்து பார்ப்பாள்.

"மேல என்ன இருக்கும்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

பூட்டியிருக்கிறது என்று சொன்னேன்.

பொன்னமராவதியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து வந்தது. மண்டபத்துக்குள் நுழைந்ததுமே, ஸ்டேட்டஸ் படங்களையெல்லாம் பார்த்திருந்த மனைவியின் சித்தி அவளைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் சொந்தக்காரர்களுக்குத் தைலம், சோப்பு, சாக்லேட் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு வரும்.

"ஏண்டி, குளிரு நாடு, கடலு, அரமனைன்னு ஊரெல்லாம் சுத்திட்டு வந்திருக்க. சித்திக்கு ஒரு தைலப் பாட்டிலு கூடவா கெடைக்கல?" என்றார். "மொழங்கால் வலி எனக்கு. ஒனக்குத் தெரியும்ல?"

மனைவி சிரித்தபடி நின்றாள். இல்லை சித்தி, அது நம் குளத்தூர்ப் பக்கம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அவள் சொல்லவில்லை. அவள் சொல்லட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். பந்தியில் உட்கார்ந்தபோது எனக்குப் பக்கத்து இலையில் சித்தியின் கணவர். அவர் பருப்பைப் பிசைந்துகொண்டே, பிளைட்டில் எவ்வளவு நேரம் மாப்பிள்ளை என்று கேட்டார். கேள்வி கேட்டால் எனக்கு வாய் திறக்காது என்றேனே, இந்தக் கேள்விக்குத் திறந்துவிட்டது. ஆயிரம் டிக்கெட் பிரிண்ட் போட்ட பழக்கம்.

"நாலு மணி நேரம்" என்றேன்.

எதிர்ப் பந்தியில் இருந்த மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பாதி வழி தாண்டிய பிறகு முதுகில் அவள் நெற்றி இடிப்பது தெரிந்தது. அழுகிறாளோ என்று வண்டியை ஓரம் கட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "நாலு மணி நேரமா?" என்றாள். "குளத்தூருக்கா?" அவளுக்கு மூச்சு வாங்கும் வரை சிரித்தாள்.

சித்தி சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே சிங்கப்பூருக்குப் போன் போட்டிருக்கிறார். கொழுந்தியா மனைவியை அழைத்தபோது நான் கூடத்தில் செருப்பு தைத்துக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"எங்கிட்டக் கூடச் சொல்லாம எந்த நாட்டுக்குடி போனீங்க?"

மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். குவாரி, தைலமரக் காடு, அலையாத்தி, செட்டிநாட்டு வீடு. அந்தப் பக்கம் கொழுந்தியா சிரித்தாள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ரொம்ப நேரம் சிரித்தாள். பின்னால் சகலை என்ன என்ன என்று கேட்பதும், அவருக்கும் சொல்லி அவரும் சிரிப்பதும் கேட்டது. ஊசி என் விரலில் ஏறிவிட்டது.

"அடுத்த மாசம் லீவுக்கு வாரோம்" என்றாள் கொழுந்தியா. "மச்சான்கிட்டச் சொல்லு, அந்த நாட்டுக்கெல்லாம் எங்களையும் கூட்டிட்டுப் போகச் சொல்லி."

எனக்குக் கூட்டிப்போக மனமில்லை. யாருக்கும் காட்டாத வரைதான் அவை என்னுடைய இடங்கள். மனைவியிடம் சொன்னதற்கு, வருகிறவர்களை எப்படி வேண்டாம் என்பது என்றாள். அவளுக்குமே பாதி மனதுதான் என்று எனக்குப் பட்டது.

வந்தார்கள். வாடகைக் கார் எடுத்தார் சகலை. முன் சீட்டில் அவர், பின்னால் பெண்களும் அவருடைய இரண்டு பிள்ளைகளும். வழி காட்ட வேண்டும் என்று என்னை ஸ்கூட்டரில் முன்னால் போகச் சொன்னார்கள். காருக்குள் இடமில்லை என்பது உண்மைதான். ஏசி காருக்கு முன்னால் வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன்.

குவாரியில் சகலை இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். பரவாயில்லை, நல்லாருக்கு என்றார். எனக்கு லேசாக நெஞ்சு நிமிர்ந்தது.

"அங்கயும் இப்புடி ஒரு குவாரி இருக்கு சகல" என்றார் பிறகு. "சுத்திப் பார்க்கு போட்டு, பெஞ்சு போட்டு வச்சிருக்கான். புள்ளைங்கள அங்கதான் வெளயாட விடுவோம்."

என் குவாரிக்கும் அங்கே ஒரு குவாரி இருந்தது. பெஞ்சோடு.

நான் நகர்ந்து போய் வண்டி பக்கத்தில் நின்றேன். காருக்கு அந்தப் பக்கம் அக்காவும் தங்கையும் பேசுவது காதில் விழுந்தது. கொழுந்தியா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாங்க அங்க எங்கடி போறோம்? இவரு ஞாயித்துக்கிழமையும் சைட்டுக்குப் போயிருவாரு. வருசத்துக்கு ஒருக்கா போவோம். அன்னைக்கி எடுத்த படத்தத்தான் மாத்தி மாத்திப் போடுறேன். ஒன் படமெல்லாம் வாரா வாரம் வேற வேறயா வருது. பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டபோது எனக்கு இரக்கம் வரவில்லை. வெல்லக்கட்டியை வாயில் போட்டது போல் இருந்தது. என் மனைவி அப்படியா என்று மட்டும் கேட்டாள். குரலை வைத்து அவள் முகத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த இனிப்பு செட்டிநாட்டு வீடு வரைக்கும்தான் நின்றது. முன் ஹாலில் நான் வழக்கம் போல் பளிங்கையும் கண்ணாடியையும் காட்டினேன். சகலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நேராக வாட்ச்மேனிடம் போனார்.

"என்னங்கய்யா, மாடியப் பாக்கலாமா?"

வாட்ச்மேன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

அவ்வளவுதான். பித்தளைப் பூட்டு திறந்துவிட்டது. பிள்ளைகள் ஓடின. கொழுந்தியா ஓடினாள். என் மனைவி மூன்றாவது படியில் நின்று திரும்பி, வாங்க என்றாள். நீங்கள் போங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அவள் ஒரு நொடி யோசித்தாள். மேலேயிருந்து தங்கை கூப்பிட்டாள். போய்விட்டாள்.

கீழே ஆள் உயரக் கண்ணாடிக்கு முன்னால் நான் நின்றேன். அதில் ஒரு நரைத்த ஆள், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. மேலே காலடிச் சத்தம். பிறகு என் மனைவியின் குரல், நீளமாக ஒரு "ஆத்தாடி." அவள் இறங்கி வந்தபோது வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் இன்னும் மாடியிலேயே இருந்தது. நான் இத்தனை மாதமாகப் பெட்ரோல் போட்டுத் தேடிய முகம். அதை வரவைத்தது சகலை, வாட்ச்மேனிடம் கேட்ட ஒரே கேள்வியில்.

அவர்கள் திரும்பிப் போனார்கள். டிக்கெட்டை நான்தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். போன மறுநாள் கொழுந்தியா மாடிப் படங்களை ஸ்டேட்டஸ் வைத்தாள். சன்னல்களில் வண்ணக் கண்ணாடி. வெளிச்சம் தரையில் சிவப்பும் நீலமுமாக விழுந்திருந்தது. ஒரு படத்தில் என் மனைவியின் கன்னம் பாதி பச்சை. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் மங்கலாகச் சகலையின் தோள் தெரிந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எங்கும் போகவில்லை. மனைவியும் கேட்கவில்லை. நாலாவது ஞாயிறு காலையில், கிளம்பு என்றேன். எங்கே என்றாள். அதே வீடுதான் என்றேன். அதைத்தான் பார்த்தாயிற்றே என்று சொல்வாள் என நினைத்தேன். சொல்லாமல் கிளம்பினாள்.

வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். வாட்ச்மேன் முகப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு கூடச் சரியாகப் போடாமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாடியப் பாக்கணும்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அவர் பேப்பரை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்கென்ன, வாங்க" என்று எழுந்தார். படியேறும்போது சொன்னார், "இத்தன வாட்டி வந்தீங்க. ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னைக்கே தொறந்திருப்பேன்ல. வேணாம் போலன்னு இருந்துட்டேன்."

மனைவி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் படியைப் பார்த்து ஏறினேன்.

மாடியில் அவள்தான் எனக்குச் சுற்றிக் காட்டினாள். இங்கிட்டு வாங்க, இதப் பாருங்க என்று முன்னால் நடந்தாள். இந்த நீலம் எந்த நாட்டுக் கண்ணாடி, இந்த விளக்கு எங்கிருந்து கப்பலில் வந்தது, எல்லாம் சொன்னாள். சகலை சொன்னாராம். ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் கை வைத்த இடமெல்லாம் யாரோ கை வைத்துவிட்டுப் போன இடமாக இருந்தது. 

ஹாலின் கடைசியில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அது எங்கே போகிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். மொட்டை மாடிக்கு, அங்கே ஓடுகளைத் தவிர ஒன்றும் இல்லை என்றார்.

"போன தடவ கார்ல வந்தாங்களே, அவுங்க ஏறுனாங்களா?"

"இல்லியே. அவுங்க கேக்கல."

"அப்பத் தொறங்க" என்றேன்.

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படி குறுகலாகவும் இருட்டாகவும் இருந்தது. புறா எச்சம். வாட்ச்மேன் கதவைத் தள்ளிவிட்டு, பார்த்து இறங்கி வாருங்கள், எனக்கு முட்டி முடியாது என்று கீழே போய்விட்டார். நாங்கள் வெளியே வந்தோம். வீடு இவ்வளவு பெரிது என்று கீழே நின்றால் தெரியாது. எங்கள் காலடியிலிருந்து நாலு பக்கமும் ஓடுகள் சரிந்து சரிந்து போயின. மழையில் கறுத்தவை, வெயிலில் சிவந்தவை, நடு நடுவே முற்றங்களின் சதுரப் பள்ளங்கள். ஒரு பருந்து எங்களுக்குக் கீழே பறந்தது. அவர் சொன்னது சரிதான். ஓடுகளைத் தவிர ஒன்றும் இல்லை. எந்த நாடு மாதிரியும் இல்லை.

மனைவி போனை எடுத்து ஒரு படம் பிடித்தாள். ஸ்டேட்டஸில் வைக்கவில்லை. தங்கைக்கு மட்டும் நேராக அனுப்பினாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினாள்.

"அந்த வீட்டு மொட்ட மாடிடி. நீங்க இங்க ஏறவே இல்ல."

எதற்கு அனுப்பினாய் என்று கேட்டேன்.

"பாக்கட்டும்" என்றாள். "அன்னைக்கி மேல நின்னுக்கிட்டு எப்புடிச் சிரிச்சா தெரியுமா? மச்சான் கேக்க மாட்டாரா, அவருக்கு வாயில்லையான்னு."

இதை அவள் என்னிடம் ஒரு மாதமாகச் சொல்லவில்லை.

வெயில் ஏறியிருந்தது. செருப்பைக் கீழேயே விட்டிருந்ததால் தளம் சுட்டது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றோம். போனில் இரண்டு டிக் நீலமானது. "பாத்துட்டா" என்றாள். டைப் பண்ணுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. மனைவி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகம்தான். ஓடுகளைப் பார்த்து அது வரவில்லை என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைத் தேடி என் முகத்தைப் பார்த்திருந்தால் அதுவும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மறுபடியும் நின்றுவிட்டது. கீழேயிருந்து வாட்ச்மேன் கூப்பிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்று நான் சத்தமாகச் சொன்னேன்.